வீல்டேல் மூரில் கிடக்கும் கல்சாலை ரோமானியர் போட்டதுதானா?

கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன், புதிதாக வாசிப்பவர்களுக்கு உதவும்: "யார்க்கில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஜூலையில் போகிறோம். அங்கிருந்து வடக்கே, வீல்டேல் மூர் என்ற மேட்டுவெளியில் ரோமானியர் போட்ட சாலை ஒன்று ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் அப்படியே கிடக்கிறதாம். என் கணவருக்கு அதைப் பார்த்தே ஆக வேண்டும். மாப்பிள்ளையோ, அது ரோமானியச் சாலையே இல்லை, வெறும் கற்குவியல், அதற்காக அவ்வளவு தூரம் போவது வீண் என்கிறார். யார் சொல்வது சரி?"

மாப்பிள்ளை சொல்வதில் பாதி சரி. அதை ரோமானியர்தான் போட்டார்களா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அதைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பே, பெரும்பாலும் ரோமானியருடையது, முந்தியதாகவோ பிந்தியதாகவோ இருக்கவும் வாய்ப்பு உண்டு என்ற அளவில்தான் சொல்கிறது. ஆனால் போவது வீண் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாலை போடுவதுதான் என் தொழிலாக இருந்தது. இங்கிலாந்துக்குக் குடிவந்த பிறகு அந்தக் கல்சாலையை நான்கு முறை போய்ப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய கேள்வியோடுதான் திரும்பியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மூர் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும், சாலையின் கதையே அந்த நிலத்தில்தான் இருக்கிறது. மூர் என்பது மரம் இல்லாத மேட்டுவெளி. கண்ணுக்கு எட்டிய மட்டும் ஹெதர் என்ற குட்டைப் புதர், முழங்கால் உயரத்துக்கு. ஆகஸ்டில் அது பூத்தால் மலை முழுக்க ஊதா நிறமாகிவிடும். மற்ற மாதங்களில் பழுப்பு. புதருக்கு அடியில் பல இடங்களில் பீட் என்ற கறுப்பு மண். பாசியும் புல்லும் செத்து, தண்ணீரில் ஊறி, காற்றுப் படாததால் மக்க முடியாமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உருவான மண் அது. மிதித்தால் பஞ்சு மெத்தைபோல அமுங்கும். மழைக்காலத்தில் பூட்ஸை இழுத்து வைத்துக்கொள்ளும். சாலை போடுகிறவனுக்கு இதைவிட மோசமான நிலம் அமையாது. தண்ணீர் வடியாது, பாரம் தாங்காது, குளிரில் உறைந்தால் மேலே எழும்பும், உருகினால் கீழே இறங்கும்.

அந்த நிலத்தின் மேல்தான் இந்தக் கல்சாலை கிடக்கிறது. வீல்டேல் மூரில் கண்ணுக்குத் தெரியும் பகுதி 1.6 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மண்ணும் பீட்டும் சரளையும் கொட்டி உயர்த்திய ஒரு கரை, அதன் மேல் பாவிய கற்கள். கரையின் அகலம் இடத்துக்கு இடம் 4 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை, உயரம் சில இடங்களில் 0.7 மீட்டர் வரை. கற்கள் அந்தப் பகுதியிலேயே கிடைக்கும் மணற்கல். பெரும்பாலானவை பக்கத்துக்கு 45 சென்டிமீட்டர் போல இருக்கும் தட்டைக் கற்கள், சில ஒன்றரை மீட்டர் வரை பெரியவை. சுண்ணாம்போ சாந்தோ எதுவும் கிடையாது, ஒன்றை ஒன்று ஒட்டி அடுக்கியதுதான். நடுவில் கொஞ்சம் மேடாகவும் இரண்டு ஓரமும் சரிவாகவும் இருப்பதைக் கவனிக்கலாம். நாங்கள் கேம்பர் என்போம், மழைநீர் நடுவில் தேங்காமல் ஓரத்துக்கு ஓடிவிடும்.

போகிறவர்களில் பாதிப்பேர் ஏமாந்து திரும்புவதும் இந்தக் கற்களைப் பார்த்துத்தான். ஒன்று நிமிர்ந்து நிற்கும், ஒன்று சாய்ந்திருக்கும், இடையில் பள்ளம். நடந்தால் கணுக்கால் மடங்கும். "இதில் எப்படி ஐயா வண்டி ஓடியிருக்கும், படை நடந்திருக்கும்?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். நியாயமான கேள்வி. ரோமானியச் சாலை என்றே வைத்துக்கொண்டாலும், இந்தக் கற்களின் மேல் யாரும் நடந்திருக்க மாட்டார்கள். நீங்கள் பார்ப்பது சாலையின் அடித்தளம். இதன் மேல் சரளையும் சிறு ஜல்லியும் மண்ணும் கொட்டிக் கெட்டித்த ஒரு மேற்பரப்பு இருந்திருக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான விளக்கம். பல நூற்றாண்டு மழை அதை அரித்துக்கொண்டு போய்விட்டது. நல்ல கற்களையும் மக்கள் சுவர் கட்டவும் வேறு பாதை போடவும் எடுத்துப் போயிருக்கிறார்கள். இப்போது மிச்சம் இருப்பது எலும்புக்கூடு.

சேற்று நிலத்தில் சாலை போட்டவர்களுக்கு இந்த எலும்புக்கூட்டின் தர்க்கம் உடனே புரியும். மெத்தென்ற மண்ணில் நேரடியாகச் சரளையைக் கொட்டினால் இரண்டு மழைக்குள் மண் விழுங்கிவிடும். கீழே பெரிய தட்டைக் கல்லைப் பரப்பினால், மேலிருந்து வரும் பாரம் ஒரு புள்ளியில் குத்தாமல் அகலமாகப் பரவும். இன்று நாங்கள் அந்த வேலைக்கு ஜியோடெக்ஸ்டைல் துணியை விரிக்கிறோம். துணி புதிது, யோசனை பழையது.

ரோமானியச் சாலை என்றதும் பலருக்கும் பாடப்புத்தகப் படம் ஒன்று நினைவுக்கு வரும். வெட்டிய கேக் மாதிரி நான்கு அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு லத்தீன் பெயர், மேலே வழுவழுப்பான பலகோணக் கற்கள். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு மூருக்குப் போகாதீர்கள். நிகோலா பெர்ஜியே என்ற பிரெஞ்சு அறிஞர் 1622-இல் ரோமானியச் சாலைகளைப் பற்றி எழுதியபோது, கட்டடங்களின் தரை போடுவதைப் பற்றி விட்ருவியஸ் என்ற பழைய ரோமானியக் கட்டடக்கலைஞர் சொன்ன அடுக்குகளைச் சாலைக்கும் பொருத்திவிட்டார். அந்தக் குழப்பம் இன்றுவரை படங்களில் தொடர்கிறது. கி.மு. 312-இல் தொடங்கிய ஆப்பியன் சாலையில், ரோம் நகரத்தை ஒட்டிய பகுதிகளில் அந்தக் கருங்கல் பாளங்களைப் பார்க்கலாம். பிரிட்டனில் அப்படியெல்லாம் இல்லை. அக்கம்பக்கத்தில் என்ன கல் கிடைத்ததோ அதை அடியில் போட்டு, மேலே சரளை பரப்பினார்கள். தோண்டிப் பார்த்த இடங்களில் ஒரே சாலையில்கூட மைலுக்கு மைல் கட்டுமானம் மாறுகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நிலத்தைப் பார்த்து வேலை செய்திருக்கிறார்கள்.

சரி, சந்தேகம் எங்கிருந்து வந்தது?

ஊர்க்காரர்களுக்கு ஆரம்பத்தில் எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. அவர்களைக் கேட்டால் அது வேட் போட்ட பாதை. வேட் ஒரு ராட்சதன். அவன் மனைவி பெல். இருவரும் ஆளுக்கொரு கோட்டை கட்டினார்கள், அவன் மல்கிரேவில், அவள் பிக்கரிங்கில். இருவருக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு சம்மட்டி. ஒருவர் வேலையை முடித்ததும் மூருக்கு மேலே அதை மற்றவருக்கு வீசுவார்கள். பெல் வளர்த்த மாடு மூரின் மறுபக்கம் மேய்ந்தது. அவள் தினமும் பால் கறக்கப் போய்வர வேண்டுமே என்று வேட் இந்தக் கல்பாதையைப் போட்டான். பெல் முன்கச்சையில் கல் சுமந்து கொடுத்தாள். கச்சைக் கயிறு அறுந்த இடத்திலெல்லாம் கற்கள் கொட்டிக் குவியலாகிவிட்டன. மூரில் அங்கங்கே தெரியும் கற்குவியல்களுக்கு ஊர் சொல்லும் காரணம் இதுதான். பெல்லின் மாட்டு விலா எலும்பு என்று ஒன்றைக்கூட நெடுங்காலம் காட்டிக்கொண்டிருந்தார்கள், அது திமிங்கலத்தின் எலும்பு. இன்றும் இதற்கு வேட்ஸ் காஸ்வே என்ற பெயர் உண்டு. எனக்கு இந்தக் கதையில் ஒரு செய்தி தெரிகிறது. கதை பிறந்த காலத்தில் இதை யார் போட்டார்கள் என்பது யாருக்கும் நினைவில் இல்லை. மனிதர் போட்டிருக்க முடியாது என்று எண்ணும் அளவுக்கு அது பெரிதாகவும் பழையதாகவும் தெரிந்திருக்கிறது.

1720களில் இந்தச் சாலையைப் பற்றி அச்சில் வந்தது. பழம்பொருள் ஆர்வலர்கள் வந்து பார்த்தார்கள். யார்க்கின் வரலாற்றை எழுதிய ஃபிரான்சிஸ் டிரேக் 1736-இல் வெளியிட்ட தன் நூலில் இதை ரோமானியச் சாலையாகவே விவரித்தார். அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பெரிதாக யாரும் மறுக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்த மூரில் வேட்டைப் பறவைகளைப் பார்த்துக்கொண்ட காவலர் ஒருவர், தொல்லியலில் இருந்த ஆர்வத்தால், கற்களை மூடியிருந்த ஹெதரையும் மண்ணையும் நீக்கிச் சுத்தம் செய்தார். நாம் இன்று இதைப் பார்க்க முடிவதற்கு அவர்தான் காரணம். பிறகு அரசின் பணித்துறை இதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஐவன் மார்கரி பிரிட்டனின் ரோமானியச் சாலைகளை எல்லாம் எண் போட்டுப் பட்டியலிட்டபோது, 1957-இல், இதற்கு 81பி என்ற எண் கிடைத்தது. ரேமண்ட் ஹேய்ஸ் 1950களிலும் 60களிலும் பல இடங்களில் தோண்டிப் பார்த்து, இது ரோமானியச் சாலைதான் என்று 1964-இல் வெளியிட்டார். அத்தோடு விஷயம் முடிந்தது போலத்தான் இருந்தது.

1990களில்தான் மறுபடி கேள்வி கிளம்பியது. அந்தக் கேள்விகளை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலாவது, காலத்தை அறுதியிட்டுச் சொல்லும்படியான பொருள் எதுவும் இந்தக் கட்டுமானத்தின் உள்ளிருந்து கிடைக்கவில்லை. ரோமானியர் என்று முடிவு செய்தவர்கள் எல்லோரும் தோற்றத்தையும் இருக்கும் இடத்தையும் வைத்தே செய்தார்கள். இரண்டாவது, இது தெற்கிலும் வடக்கிலும் நீண்டு மொத்தம் 40 கிலோமீட்டர் வரை போனது என்று வரைபடத்தில் கோடு போட்டார்கள். ஆனால் மூரைத் தாண்டியதும் அந்தக் கோட்டைத் தரையில் தொடர்ந்து காட்டுவது கடினம். மூன்றாவது, கரைக்குள் இருக்கும் பழங்காலக் கல்லறைப் பெட்டி ஒன்று அதன் மேற்பரப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதைச் சுட்டிக்காட்டுகிறார்கள். வண்டி போகும் சாலையின் நடுவில் அப்படி ஒன்றை யார் விட்டுவைப்பார்கள்?

இதையெல்லாம் வைத்து ஒரு சாரார் சொல்வது: இது சாலையே அல்ல, ரோமானியருக்கு மூவாயிரம் நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, புதிய கற்காலத்தில் போட்ட எல்லைக்கரை. ஒரு கூட்டத்தின் மேய்ச்சல் நிலத்தையும் இன்னொரு கூட்டத்தின் நிலத்தையும் பிரித்த வரப்பு, நாளடைவில் சரிந்து பரந்து சாலைபோலத் தெரிகிறது. கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும், வட யார்க் மூர்ஸில் வரலாற்றுக்கு முந்திய கால எல்லைக்கரைகளும் அகழிகளும் நிறையவே இருக்கின்றன. இன்னொரு சாரார் இடைக்காலத்துப் பாதை என்கிறார்கள். அதே மூரில் இடைக்காலத்திலும் அதற்குப் பின்னும் பொதிக்குதிரைகள் போக ஒற்றை வரிசையாகப் பலகைக்கல் பதித்த பாதைகள் உண்டு, ஊர்ப்பேச்சில் டிராட் என்பார்கள். கடற்கரையிலிருந்து மீன் சுமந்து வந்தவர்கள் நடந்து நடந்து தேய்ந்து குழிந்த கற்களை இன்றும் பார்க்கலாம். ஆனால் டிராட் ஒரு ஆள் அகலம். ஏழு மீட்டர் அகலத்துக்குக் கரை எழுப்ப அவர்களுக்கு என்ன தேவை இருந்தது என்பது எனக்குப் புரியவில்லை.

என் கருத்தைச் சொல்கிறேன், பொறியாளனின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இது சாலைதான் என்பதில் எனக்குக் கிட்டத்தட்டச் சந்தேகம் இல்லை. ரோமானியச் சாலை என்பதில் பாதிக்கு மேல் நம்பிக்கை, முழு நம்பிக்கை இல்லை.

சாலை என்று சொல்ல வைப்பது அதன் மதகுகள். நாங்கள் தொழிலில் கல்வெர்ட் என்போம். கரைக்குக் குறுக்கே, ஒரு பக்கத்துத் தண்ணீர் மறுபக்கம் போக வழி விட்டிருக்கிறார்கள். போனால் ஒன்றைத் தேடிப் பிடித்து மண்டியிட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் கல்லைச் செங்குத்தாக நிறுத்தியிருப்பார்கள், நடுவில் ஒரு சாண் போல இடைவெளி, சில இடத்தில் மேலே மூடிக்கல் இருக்கும், சில இடத்தில் மூடி போய் வெறும் வாய்க்காலாகத் திறந்து கிடக்கும். நான் இரண்டாம் முறை போனது மழை பெய்த மறுநாள். மேட்டுப்பக்கத்து ஹெதர் வேரிலிருந்து கசிந்த தண்ணீர், பீட்டின் நிறம் ஏறித் தேநீர் டிக்காஷன் மாதிரி, அந்த இடைவெளிக்குள் நுழைந்து மறுபக்கம் வந்துகொண்டிருந்தது. கையை வைத்தேன், குளிரில் விரல் மரத்துப் போனது. இத்தனை நூற்றாண்டு கழிந்தும் அந்த மதகு வேலை செய்துகொண்டிருந்தது. என் வேலைக்காலத்தில் போட்ட எத்தனையோ மதகுகள் பத்தாண்டில் தூர்ந்துபோனதைப் பார்த்தவன் நான். அங்கிருந்து எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

எல்லை வரப்பு கட்டுகிறவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான். வரப்பின் ஒரு பக்கம் தண்ணீர் தேங்கினால் அவனுக்கு நஷ்டம் இல்லை. தண்ணீர் தேங்கினால் கரை ஊறும், கரை ஊறினால் மேலே போகும் பாரத்துக்குச் சரியும் என்று பயப்படுகிறவன்தான் மதகு வைப்பான். நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு என்பதும் அதே பயத்தில் பிறந்த வேலை. மதகுகளைப் பிற்காலத்தில் யாரோ சேர்த்திருக்கலாமே என்று கேட்டால், சேர்த்திருக்கலாம். அப்படிச் சேர்த்தவர்களுக்காவது அது சாலையாகப் பயன்பட்டிருக்க வேண்டும்.

ரோமானியர் என்று சாயவைப்பது அக்கம்பக்கம். கி.பி. 71 வாக்கில் ரோமானியரின் ஒன்பதாம் லீஜியன் என்ற படைப்பிரிவு யார்க்கில் கோட்டை கட்டியது, அப்போது அதன் பெயர் எபோராக்கம். வடகிழக்கே மால்டனில் ஒரு கோட்டை. அங்கிருந்து வடக்கே மூரின் விளிம்பில் காதார்ன் என்ற இடத்தில் மண்கரைகளும் அகழிகளும் இன்றும் தெளிவாகத் தெரியும் முகாம்கள். இயன் ரிச்மண்ட் 1920களில் அங்கே தோண்டியபோது, சிப்பாய்கள் கோட்டை கட்டிப் பழகிய பயிற்சி முகாம்கள் என்று நினைத்தார். பின்னால் வந்த ஆய்வுகள் அவற்றை உண்மையான கோட்டைகளாகவும் ஒரு தற்காலிக முகாமாகவும் பார்க்கின்றன. மூரின் மறுபக்கம், குரோஸ்மாண்டுக்கு அருகே லீஸ் ரிக் என்ற இன்னொரு ரோமானியக் கோட்டை. இந்த இரண்டுக்கும் நடுவே, போகும் திசைக்குப் பொருத்தமாக, நம் கல்சாலை கிடக்கிறது. மூரைக் கடக்கப் படைக்கு ஏதோ ஒரு பாதை தேவைப்பட்டிருக்கும். தேவைப்பட்ட இடத்தில் ஒரு பாதை இருக்கிறது. இதை நிரூபணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லைக்கரை வாதத்துக்கு இந்த அளவு துணைகூட இல்லை.

எதிர்வாதம் ஒன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். காதார்னில் ரோமானியர் நெடுங்காலம் தங்கவில்லை, 1-ஆம் நூற்றாண்டின் முடிவையும் 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் ஒட்டிய கொஞ்சக் காலம்தான். அதற்காக இவ்வளவு கல்லைத் தூக்கிப் போடுவார்களா? எனக்கே இது உறுத்தும் கேள்வி. கடற்கரை ஒரு பதிலாக இருக்கலாம். விட்பி கடலோரத்துப் பாறைகளில் ஜெட் என்ற கரிய ஆபரணக்கல் கிடைக்கிறது, புதைந்த மரம் காலப்போக்கில் மாறி உருவானது. 3, 4-ஆம் நூற்றாண்டுகளில் யார்க்கில் அதைக் கடைந்து கொண்டை ஊசியும் மணியும் பதக்கமும் செய்தார்கள். அதே கரையில் 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபைலி, ஸ்கார்பரோ, ரேவன்ஸ்கார், கோல்ட்ஸ்பரோ, ஹண்ட்கிளிஃப் ஆகிய இடங்களில் கடலைக் கண்காணிக்கக் காவல் கோபுரங்களும் எழுந்தன. கரைக்கும் யார்க்குக்கும் நடுவே போக்குவரத்து இருந்தது நிச்சயம். அது இந்த வழியாகத்தான் போனது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

தீர்த்துவைக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகள்கள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தன என்று ஆய்வகத்தில் அளக்க முடியும். அடிக்கல்லைத் தூக்கி, அதற்குக் கீழே வெளிச்சம் படாமல் மாதிரி எடுத்தால், அந்தக் கல் எப்போது வைக்கப்பட்டது என்பதற்கு ஒரு காலவரம்பு கிடைக்கும். கரைக்குக் கீழே அமுங்கிய பீட்டில் கார்பன் காலக்கணிப்பு செய்யலாம். அதில் சிக்கிய மகரந்தத்தைப் பார்த்தால் அன்றைக்கு அங்கே காடு இருந்ததா, புல்வெளியா, ஹெதரா என்றும் தெரியும். இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் 2012-இல் என்னென்ன ஆய்வுகள் செய்யலாம் என்று முன்வைத்தது. விமானத்திலிருந்து லேசர் கதிர் அனுப்பித் தரையின் மேடுபள்ளத்தை அளக்கும் லைடார் படங்கள் இப்போது இங்கிலாந்து முழுமைக்கும் பொதுமக்களுக்கே கிடைக்கின்றன. புதருக்கு அடியில் மறைந்த சாலைகளை அதை வைத்துக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அடியிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து அளந்து, புதிய கற்காலம் என்று வந்தால், மேலே நான் எழுதியதை முழுதாக மாற்றிக்கொள்வேன்.

இந்தச் சிக்கல் வீல்டேலுக்கு மட்டும் உரியதல்ல. பெனைன் மலைத்தொடரில், ராச்டேலுக்குக் கிழக்கே பிளாக்ஸ்டோன் எட்ஜ் என்ற இடத்தில் மூரின் மேல் ஏறும் ஒரு கல்பாவிய சாலை இருக்கிறது. பார்வைக்கு வீல்டேலைவிட ஆயிரம் மடங்கு அழகு. நெருக்கமாகப் பொருத்திய சதுரக் கற்கள், நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளக்கல் வரிசை. அந்தப் பள்ளம் எதற்கு என்பதில் ஆளுக்கொரு விளக்கம்: இறக்கத்தில் வண்டியின் தடைக்கட்டை உரசிய தடம் என்பார்கள், குதிரைக் குளம்பு வழுக்காமலிருக்கப் புல்மண் நிரப்பிய இடம் என்பார்கள். வெகுகாலம் அதைப் பிரிட்டனின் மிகச் சிறந்த ரோமானியச் சாலை என்றே கொண்டாடினார்கள். இன்று பலரும் அது 1735-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி போட்ட சுங்கச்சாலை என்று கருதுகிறார்கள். மான்செஸ்டரிலிருந்து இல்க்லிக்குப் போன ரோமானியச் சாலையும் அந்தக் கணவாயைத் தாண்டியதால் இரண்டும் குழம்பிக்கொண்டன. நல்ல வழி எப்போதும் நல்ல வழிதான், ஒவ்வொரு காலத்தவரும் அதே பள்ளத்தாக்கு வழியாகத்தான் ஏறுவார்கள்.

சந்தேகமே இல்லாத ரோமானியச் சாலையை மூரில் பார்க்க வேண்டும் என்று உங்கள் கணவர் விரும்பினால், டியர் ஸ்ட்ரீட் இருக்கிறது. யார்க்கிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் போன படைச்சாலை. ஷெவியட் மலையில் சியூ கிரீன் என்ற இடத்தில் ரோமானிய முகாம்களின் கரைகளை ஒட்டி அது எல்லையைக் கடக்கிறது. அங்கே ஒரு கல்கூட வெளியில் தெரியாது, புல் மூடிய ஓர் அகன்ற மேட்டுக்கரைதான். லேக் மாவட்டத்தில் ஹை ஸ்ட்ரீட் என்றே பெயர் பெற்ற மலை, 828 மீட்டர். அதன் முதுகின் மேல் ரோமானியச் சாலை ஓடியது. பிற்காலத்தில் இடையர்கள் அந்த உச்சியில் வருடா வருடம் கூடித் தவறிப்போன ஆடுகளை மாற்றிக்கொண்டு, குதிரைப் பந்தயமும் நடத்தினார்கள், 1835 வரை. இவையெல்லாம் நல்ல இடங்கள். ஆனால் சாலையின் உடலைத் திறந்து வைத்ததுபோல, கல் கல்லாகப் பார்க்க வேண்டும் என்றால் வீல்டேலுக்குத்தான் போக வேண்டும்.

ஒரு கவலையும் எனக்கு உண்டு. கல்லை வெளியே திறந்து வைத்ததால்தான் நாம் பார்க்கிறோம், திறந்து வைத்ததால்தான் அது கெடுகிறது. ஹெதரும் பீட்டும் போர்த்தியிருந்தவரை உறைபனி நேரடியாகக் கல்லைத் தாக்கவில்லை. இப்போது குளிர்காலத்தில் கல் இடுக்கில் தண்ணீர் உறைந்து கல்லை நெம்புகிறது. வருகிறவர்கள் கற்களின் மேலேயே நடக்க, ஆடும் கல் இன்னும் ஆடுகிறது. கடைசியாக நான் போனபோது கல்லுக்கு நடுவே புல்லும் ஹெதரும் மறுபடி ஏறிவந்திருந்தன. படம் எடுக்க வந்தவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது. தயவுசெய்து நீங்களும் கரைக்குப் பக்கத்துப் புல்தடத்திலேயே நடங்கள், கல் மேல் ஏறாதீர்கள், ஒரு கல்லையும் நகர்த்திவைக்காதீர்கள். எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்பதுதான் இன்னும் வாசிக்கப்படாத ஆதாரம்.

போகும் வழி: யார்க்கிலிருந்து மால்டன், பிக்கரிங் வழியாகக் காரில் போகலாம். பிக்கரிங்கிலிருந்து ஸ்டேப் என்ற சிற்றூரைத் தாண்டி வடக்கே போகும் குறுகிய சாலையில் சென்றால் கல்சாலைக்கு மிக அருகே இறங்கலாம். அதே வழியில் காதார்ன் முகாம்களுக்கும் பிரிவு இருக்கிறது, கட்டாயம் முதலில் அங்கே இறங்குங்கள். அகழியின் விளிம்பில் நின்று வடக்கே பார்த்துவிட்டுப் பிறகு மூருக்கு வந்தால், இந்தச் சாலை ஏன் இங்கே என்று யோசிக்க ஒரு பிடி கிடைக்கும். நடக்க முடியுமென்றால் இன்னொரு வழி: பிக்கரிங்கிலிருந்து நீராவி ரயிலில் கோத்லாண்ட் போய், அங்கிருந்து ஹன்ட் ஹவுஸ் பக்கமாக நடந்து, வீல்டேல் ஓடையைப் படிக்கற்கள் வழியாகத் தாண்டி மேலே ஏறுவது. அழகான நடை. ஆனால் முந்தின நாள் நல்ல மழை பெய்திருந்தால் படிக்கற்கள் வழுக்கும், கணவருக்கு மூட்டுவலி இருந்தால் கார் வழியே போதும். கட்டணம் கிடையாது. கடை, கழிப்பறை, நிழல் எதுவும் கிடையாது. ஜூலையிலும் காற்று அடிக்கும், மேலே போட ஒரு ஜாக்கெட் வேண்டும், தண்ணீரும் சாப்பாடும் கையோடு எடுத்துப் போங்கள். வெயில் நாளில் ஆடர் என்ற விரியன் பாம்பு கல் மேல் படுத்திருக்கக்கூடும், அதன் வழிக்குப் போகாமல் விலகி நடந்தால் போதும்.

புறப்படுவதற்கு முன் யார்க்ஷயர் மியூசியத்தில் ஜெட் நகைகளைப் பார்த்துவிடுங்கள், யார்க் நகருக்குள்ளேயே இருக்கிறது. மூருக்குப் போகும் நேரம் முடிந்தால் மாலையாக இருக்கட்டும். ஜூலையில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். சாய்ந்த வெயிலில் கரையின் மேடும் ஓரச் சரிவும் நிழல் விழுந்து துல்லியமாகத் தெரியும், நடுப்பகலில் எல்லாம் ஒரே கல்பரப்பாகத்தான் இருக்கும். மாப்பிள்ளையையும் அழைத்துப் போய், ஒரு மதகின் முன்னால் உட்காரவைத்து, இது வரப்பா சாலையா என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று திரும்பி வந்து எழுதினால் எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.